உளவியல் பரிசோதனையை வடிவமைப்பது எப்படி? முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கணக்கு வரை

பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கும் மாணவர்கள், அமைதியாகப் படிப்பவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பில் தெரியவந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே "பாட்டுதான் படிப்பைக் கெடுக்கிறது" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். படிப்பில் ஆர்வம் குறைந்தவர்கள்தான் அலுப்புத் தட்டாமல் இருக்கப் பாட்டைப் போட்டுக்கொள்கிறார்களோ? சுற்றிலும் இரைச்சல் உள்ள இடத்தில் படிப்பவர்கள், அதை மறைக்க ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார்களோ? அப்படியானால் மதிப்பெண்ணைக் குறைத்தது இரைச்சல், பழி மட்டும் பாட்டின் மேல். மதிப்பெண் குறைந்த கவலையில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தவர்களும் இருக்கலாம். அங்கே காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டாலும் கருத்துக்கணிப்பால் இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன என்று மட்டும்தான் அது சொல்லும். எது எதற்குக் காரணம் என்று தெரிய வேண்டுமானால், காரணம் என்று நாம் சந்தேகிப்பதை நம் கையாலேயே மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பரிசோதனை என்பது அதுதான். அதன் வடிவமைப்பில் வரும் ஒவ்வொரு படியும் "வேறு எது காரணமாக இருக்கக்கூடும்?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு விதத்தில் பதில் சொல்கிறது. கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியும் எந்தச் சந்தேகத்தை அடைக்கிறது என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். சொற்கள் தானாக நினைவில் நிற்கும்.

இந்த வழிகாட்டி முழுக்கப் பாட்டும் படிப்பும் நம் எடுத்துக்காட்டாகக் கூடவே வரும்.

படி 1: கேள்வியைச் சோதிக்கக்கூடியதாக மாற்றுங்கள்

"இசை மனதை எப்படிப் பாதிக்கிறது?" என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. எதை மாற்றப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம் என்று அதில் இல்லை.

இந்த மாற்றத்தை அழகாகச் செய்து காட்டியவர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும். 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டார். அக்கம்பக்கத்தார் பலர் இருந்தும் யாரும் உதவவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. (அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்பாடு தெரியவந்தது.) மக்கள் இரக்கமற்றுப் போய்விட்டார்கள் என்று பலரும் புலம்பிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் வேறொன்று கேட்டார்கள்: கூட இருப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒருவர் உதவ முன்வருவது குறையுமா? இப்படிக் கேட்டவுடன் மாற்ற வேண்டியதும் அளக்க வேண்டியதும் தெளிவாகிவிட்டன. 1968-ல் வெளியான அந்த ஆய்வில், ஒவ்வொரு மாணவரும் தனி அறையில் இருந்துகொண்டு இன்டர்காம் வழியே மற்றவர்களோடு பேசுவதாக நம்பினார். உண்மையில் அவர் கேட்டது பதிவு செய்யப்பட்ட குரல்கள். அதில் ஒரு குரல் வலிப்பு வந்து தவித்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடிக் கிளம்பினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அது 31 சதவீதம்தான்.

நம் கேள்வியையும் அப்படி இறக்கிப் பார்ப்போம்: "பாடல் வரிகள் உள்ள இசையைக் கேட்டுக்கொண்டு ஒரு பத்தியைப் படிப்பவர்கள், அமைதியில் படிப்பவர்களைவிட அந்தப் பத்தியிலிருந்து குறைவாக நினைவுகூர்வார்கள்." இது கருதுகோள். இது பொய்யாகிப்போகவும் இடம் இருக்க வேண்டும். எந்த முடிவு வந்தாலும் "நான் சொன்னது சரிதான்" என்று சொல்ல முடிகிற கூற்று கருதுகோள் ஆகாது. இதற்கு எதிரே நிற்பது இன்மைக் கருதுகோள்: இரண்டு குழுவுக்கும் வேறுபாடே இல்லை என்பது. புள்ளியியல் நேரடியாகச் சோதிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

படி 2: மாறிகளுக்கு வரையறை கொடுங்கள்

நாம் மாற்றுவது சாரா மாறி, இங்கே இசை. நாம் அளப்பது சார்ந்த மாறி, இங்கே நினைவு. எது சாரா, எது சார்ந்த என்று குழம்பினால், "எதை நான் முடிவு செய்கிறேன், எதைப் பங்கேற்பாளர் முடிவு செய்கிறார்?" என்று கேளுங்கள். முதலாவது சாரா மாறி.

பெயர் வைத்தால் மட்டும் போதாது, செயல்முறை வரையறை வேண்டும். எந்த இசை, எவ்வளவு ஒலியில், எவ்வளவு நேரம்? தெரிந்த மொழியிலா, தெரியாத மொழியிலா? நினைவு என்றால் பத்து நிமிடம் கழித்தா, ஒரு வாரம் கழித்தா? தானாக எழுதச் சொல்வதா, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதா? நீங்கள் எழுதியதைப் படித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே சோதனையை அப்படியே நடத்த முடிந்தால் வரையறை சரி.

வரையறை எவ்வளவு நுணுக்கமாக இருக்கலாம் என்பதற்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியது. ஒரு குழுவிடம் கார்கள் ஒன்றையொன்று "தொட்டபோது" என்ற பொருளில் கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் "நொறுங்க மோதியபோது" என்று கேட்டார்கள். மொத்தம் ஐந்து வினைச்சொற்கள், ஐந்து குழுக்கள். மென்மையான சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 32 மைல் போலச் சொன்னார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் சொன்னது 40 மைலுக்கு மேல். காட்சி ஒன்று, கேள்வி ஒன்று, மாறியது ஒரு சொல். அதனால்தான் வேறுபாட்டுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறெதையும் காரணம் காட்ட முடியவில்லை.

அளவீட்டில் இரண்டு குணங்கள் வேண்டும். திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கும். எடுத்துக்காட்டாக, எழுத்துச் சோதனையில் வேகமாக எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதிகம் வாங்குவார். நாம் அளந்துகொண்டிருப்பது நினைவை அல்ல, கை வேகத்தை.

படி 3: எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

பாட்டுக் கேட்ட குழு பத்துக்கு ஆறு வாங்கியது. சரி, அது நல்லதா கெட்டதா? ஒப்பிட ஒன்று இல்லாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை. அதற்காகத்தான் கட்டுப்பாட்டுக் குழு.

பலர் கட்டுப்பாட்டுக் குழு என்றால் "எதுவும் செய்யப்படாத குழு" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி. நாம் சந்தேகிக்கும் அந்த ஒரு அம்சம் மட்டும் இல்லாமல், மற்ற எல்லாவற்றிலும் சோதனைக் குழுவைப் போலவே இருப்பதுதான் நல்ல கட்டுப்பாட்டுக் குழு. பாட்டுக் குழு ஹெட்போன் மாட்டினால், அமைதிக் குழுவும் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் காதை அழுத்தும் ஹெட்போனே கவனத்தைக் கெடுத்தது என்று ஒருவர் சொன்னால் பதில் இருக்காது. அதோடு நிற்காமல், வரிகள் இல்லாத அதே இசையைக் கேட்கும் மூன்றாவது குழுவையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் கெடுப்பது இசையா, சொற்களா என்று பிரித்துச் சொல்ல முடியும். என்னைக் கேட்டால், ஒரு பரிசோதனையின் தரம் பெரும்பாலும் அதன் கட்டுப்பாட்டுக் குழுவைத் தேர்ந்த விதத்திலேயே தெரிந்துவிடும்.

படி 4: குலுக்கிப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பங்கேற்பாளர்களை எந்தக் குழுவில் போடுவது? விருப்பப்படி தேர்ந்தெடுக்கச் சொன்னால், பாட்டுப் பிரியர்கள் ஒரு பக்கம் சேர்வார்கள். முதலில் வந்த 30 பேர் ஒரு குழு, அடுத்த 30 பேர் இன்னொரு குழு என்றால், ஆர்வமாக முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், தயங்கித் தயங்கி வந்தவர்கள் மறுபக்கம். இரண்டிலும் பழைய சந்தேகம் அப்படியே நிற்கிறது. தீர்வு சமவாய்ப்பு ஒதுக்கீடு: ஒவ்வொருவரும் எந்தக் குழுவுக்குப் போவார் என்பதைத் தற்செயல் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

இதன் அருமை எங்கே இருக்கிறது என்றால், நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு தெரியாத வேறுபாடுகளையும் இது சமமாகக் கலந்துவிடுகிறது. நினைவாற்றல், தூக்கம், மனநிலை, நாம் கனவிலும் நினைக்காத ஏதோ ஒன்று என எல்லாமே இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். அப்படியும் தற்செயலாகச் சிறு ஏற்றத்தாழ்வு வரும். ஆனால் அது எவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட முடியும், அந்தக் கணக்குத்தான் புள்ளியியல் சோதனை. உளவியலில் இந்த எண்ணம் பழையது. 1880-களிலேயே சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும், மிகச் சிறிய எடை வேறுபாட்டை மனிதரால் உணர முடியுமா என்று சோதித்தபோது, எந்த எடை எப்போது வர வேண்டும் என்பதைச் சீட்டுகளைக் குலுக்கி முடிவு செய்தார்கள். பிறகு ரொனால்ட் ஃபிஷர், 1935-ல் வந்த தம் நூலில் இதற்கு முழுமையான கணிதக் காரணத்தைக் கொடுத்தார். தேநீரில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீரையே முதலில் ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்லிவிடுவதாகக் கூறிய ஒரு பெண்மணிதான் அதில் அவருடைய எடுத்துக்காட்டு. எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒரு வகை, நான்கு மறு வகை, வரிசை குலுக்கப்பட்டது. வெறும் ஊகத்தில் எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-ல் 1.

செய்முறைக்கு வருவோம். தோன்றியபடி "இவர் இங்கே, அவர் அங்கே" என்று பிரிப்பது தற்செயல் ஆகாது. மனிதர்கள் தற்செயலாக நடந்துகொள்வதாக நினைக்கும்போது மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கம். கணினியில் தற்செயல் எண்களை எடுத்து, முதல் பங்கேற்பாளர் வருவதற்கு முன்பே முழுப் பட்டியலையும் தயார் செய்துவிடுங்கள். குழுக்களின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டுமானால், நான்கு நான்கு பேராகத் தொகுதி பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இருவர் இங்கே இருவர் அங்கே என்று குலுக்குங்கள். பங்கேற்பாளரை வரவேற்று ஒப்புதல் வாங்குபவருக்கு அடுத்தவர் எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பது நல்லது.

ஆட்கள் குறைவாக இருந்து, ஒரு குறிப்பிட்ட பண்பு முடிவைப் பெரிதும் மாற்றும் என்று முன்பே தெரிந்தால், இணை சேர்த்தல் உதவும். ஆல்பர்ட் பண்டுரா 1961-ல் 72 குழந்தைகளை வைத்து, பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தால் குழந்தைகளும் அப்படிச் செய்வார்களா என்று பார்த்த ஆய்வில், குழந்தைகளின் முரட்டுத்தனத்தை முதலில் மதிப்பிட்டு, ஒத்த அளவில் உள்ளவர்களை மும்மூன்றாகச் சேர்த்து, அந்த மூவரையும் மூன்று நிலைகளுக்கும் (அதாவது சோதனையின் மூன்று விதச் சூழல்களுக்கும்) குலுக்கிப் பிரித்தார்கள். கவனியுங்கள், இணை சேர்த்த பிறகும் குலுக்கல் உண்டு.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சமவாய்ப்புத் தேர்வு வேறு, சமவாய்ப்பு ஒதுக்கீடு வேறு. முதலாவது, மக்கள்தொகையிலிருந்து ஆட்களை எடுக்கும் விதம். முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது. இரண்டாவது, எடுத்த ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கும் விதம். காரணம் என்று சொல்ல முடியுமா என்பது இதைப் பொறுத்தது. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

படி 5: தனித்தனிக் குழுவா, ஒரே ஆட்களா?

இதுவரை ஒரு ஆள் ஒரு நிலையில் மட்டும் இருப்பதாகப் பேசினோம். இது குழுக்களுக்கு இடையிலான வடிவமைப்பு. ஒரே ஆள் எல்லா நிலைகளையும் கடப்பது குழுவுக்குள்ளான வடிவமைப்பு. இரண்டாவதில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே கட்டுப்பாடு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு குறுக்கே வராது, மிகக் குறைந்த ஆட்களே போதும். எழுத்தின் நிறத்தைச் சொல்லும்போது அந்தச் சொல்லின் பொருள் குறுக்கிடுவதை ஜான் ஸ்ட்ரூப் 1935-ல் காட்டினாரே, அந்த வகைச் சோதனைக்கு இதுதான் இயல்பான வழி.

இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் பத்தியை அமைதியிலும் இரண்டாவதைப் பாட்டோடும் படித்தால், இரண்டாவதில் மதிப்பெண் குறைவது பாட்டாலா, களைப்பாலா? கூடினால், பழகிவிட்டதாலா? இவை வரிசை விளைவுகள். பாதிப் பேருக்கு அமைதி முதலில், பாதிப் பேருக்குப் பாட்டு முதலில் என்று வரிசையை மாற்றுவது வரிசைச் சமன். மூன்று நிலைகள் என்றால் ஆறு வரிசைகள், சமாளிக்கலாம். நான்கு என்றால் 24. அப்போது லத்தீன் சதுரம் கைகொடுக்கும். நிலைகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால் நான்கே வரிசைகள் போதும்:

அ – ஆ – ஈ – இ
ஆ – இ – அ – ஈ
இ – ஈ – ஆ – அ
ஈ – அ – இ – ஆ

ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை வருகிறது, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரே ஒரு முறை வருகிறது. பென்சிலால் சரிபார்த்துப் பாருங்கள், மனதில் பதியும்.

ஆனால் முதல் நிலையில் கற்றதை மறக்கவே முடியாது என்றால் வரிசைச் சமன் உதவாது. ஒரு புதிரின் விடையோ ஒரு நினைவு உத்தியோ தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான். அங்கே தனித்தனிக் குழுதான் வழி.

ஒரே நேரத்தில் இரண்டு சாரா மாறிகளை மாற்றுவது காரணிசார் வடிவமைப்பு. டங்கன் காடனும் ஆலன் பேட்லியும் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. நீர்மூழ்குபவர்கள் 36 சொற்களைக் கரையிலோ நீருக்கடியிலோ கற்றார்கள், கரையிலோ நீருக்கடியிலோ நினைவுகூர்ந்தார்கள். நான்கு சேர்க்கைகளையும் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்களில் செய்தார்கள். கரையில் கற்றுக் கரையில் சொன்னபோது சராசரி 13.5 சொற்கள், நீரில் கற்று நீரில் சொன்னபோது 11.4. இடம் மாறியபோது 8.6-ம் 8.4-ம்தான். இப்போது "கற்க எந்த இடம் நல்லது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கரைக்கு 11 போல, நீருக்கு 10 போல, பெரிய வேறுபாடு இல்லை. உண்மையான சேதி, கற்ற இடமும் நினைவுகூர்ந்த இடமும் ஒன்றா என்பதில் இருக்கிறது. ஒரு மாறியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதற்கு இடைவினை என்று பெயர். ஒற்றைச் சாரா மாறியோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

படி 6: குழப்பும் மாறிகளைத் தேடிப் பிடியுங்கள்

சாரா மாறியோடு சேர்ந்தே மாறும் வேறொன்று இருந்தால் அது குழப்பும் மாறி. நான் மாணவனாக இருந்தபோது செய்த முதல் பரிசோதனையில், அறை கிடைக்கும் நேரத்தைப் பார்த்து ஒரு நிலையை முழுக்கக் காலையிலும் மற்றதை முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடத்தினேன். 40 பேரின் தரவு கையில். வேறுபாடும் தெளிவாக வந்தது. அது நிலையாலா, நேரத்தாலா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியவில்லை. வடிவமைப்பில் விட்ட ஓட்டையைப் புள்ளியியலால் அடைக்க முடியாது என்பதை அன்று கற்றேன், இன்றும் அந்தத் தாள்களை வைத்திருக்கிறேன்.

நேரம், அறை, நடத்துபவர், கருவி, அறிவுரையின் சொற்கள் ஆகியவற்றை ஒன்று மாறாமல் வையுங்கள், அல்லது எல்லா நிலைகளிலும் சமமாகக் கலக்கவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் "முன்னும் பின்னும்" மட்டும் அளக்கும் ஆய்வுகளில் இன்னும் சில பொறிகள் உண்டு. இடையில் வெளியே ஏதாவது நடந்திருக்கலாம். குழந்தைகள் என்றால் இயல்பாகவே வளர்ந்திருப்பார்கள். முதல் சோதனையே இரண்டாவதற்குப் பயிற்சியாகியிருக்கும். இடையில் விலகியவர்கள் பெரும்பாலும் சிரமப்பட்டவர்களாக இருந்தால், மிஞ்சியவர்களின் சராசரி தானாக உயரும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது சராசரி நோக்கித் திரும்புதல். டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது, பாராட்டினால் அடுத்த முறை மோசமாகச் செய்கிறார்கள், திட்டினால் நன்றாகச் செய்கிறார்கள் என்று ஒரு பயிற்றுநர் அடித்துச் சொன்னார். பாராட்டோ திட்டோ காரணம் இல்லை. மிகச் சிறப்பாக அமைந்த ஒரு முறைக்கு அடுத்தது பெரும்பாலும் வழக்கமான அளவுக்கு இறங்கும், மிக மோசமான ஒன்றுக்கு அடுத்தது ஏறும். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்து "முன்னேற்றம்" காட்டும் ஆய்வைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 7: எதிர்பார்ப்புகளை மறையுங்கள்

வேதியியல் பொருளுக்கு நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெரியாது. மனிதருக்குத் தெரிந்துவிடும். உளவியல் பரிசோதனையின் தனிக் கஷ்டமே இதுதான்.

பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஆராய்ந்து 1907-ல் எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியாதபோதும் குதிரை தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மிக லேசாக நிமிர்வதைப் பார்த்துத்தான் அது குளம்படியை நிறுத்திக்கொண்டிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, குதிரையின் சொந்தக்காரர் உட்பட. ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் சாதாரண எலிகளைக் கொடுத்து, பாதிப் பேரிடம் இவை புத்திசாலி இனம் என்றும் மற்றவர்களிடம் மந்தமான இனம் என்றும் சொன்னார்கள். "புத்திசாலி" எலிகள் உண்மையிலேயே நன்றாக வழி கண்டுபிடித்தன.

பங்கேற்பாளர் பக்கமும் இதே சிக்கல். மார்ட்டின் ஓர்ன், பொருளே இல்லாத கூட்டல் கணக்குகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்து, ஒவ்வொரு தாளையும் முடித்ததும் கிழித்துப் போடச் சொன்னபோதுகூட, ஆய்வு என்ற ஒரே காரணத்துக்காக மக்கள் மணிக்கணக்கில் செய்தார்கள். ஆய்வாளர் எதை விரும்புகிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்ளத் தூண்டும் குறிப்புகளை அவர் 1962-ல் எதிர்பார்ப்புக் குறிப்புகள் என்ற பொருளில் விளக்கினார்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு, மறைத்தல். பங்கேற்பாளருக்குத் தன் நிலை தெரியாவிட்டால் ஒற்றை மறைப்பு, நடத்துபவருக்கும் தெரியாவிட்டால் இரட்டை மறைப்பு. 1784-லேயே பாரிசில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலைமையிலான குழு, காந்த சிகிச்சை பெறுவதாகச் சொன்னவர்களின் கண்ணைக் கட்டிச் சோதித்து, நம்பிக்கை இருந்த இடத்தில்தான் விளைவு இருந்தது, "காந்தம்" இருந்த இடத்தில் இல்லை என்று காட்டியது.

பாட்டுக் கேட்பவரிடம் பாட்டை மறைக்க முடியாது, உண்மைதான். ஆனால் கருதுகோளை மறைக்கலாம். அறிவுரையைப் பதிவு செய்து ஒலிக்கவிடலாம். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்தக் குழுவின் தாள் என்று தெரியாமல் வைக்கலாம். முடிந்தபின், "இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பலர் சரியாகச் சொன்னால் உங்கள் முடிவைச் சந்தேகியுங்கள்.

படி 8: எத்தனை பேர்?

"குழுவுக்கு 30 பேர் போதும்" என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை. எதிர்பார்க்கும் விளைவின் அளவுதான் இதை முடிவு செய்யும். ஜேக்கப் கோஹென் இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்து, 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று ஒரு தோராய அளவுகோலைக் கொடுத்தார். இரண்டு தனிக் குழுக்கள், வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பு (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), உண்மையான விளைவைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், பெரிய விளைவுக்குக் குழுவுக்கு 26 பேர், நடுத்தரத்துக்கு 64 பேர், சிறியதற்கு 390-க்கும் மேல் தேவை. உளவியலில் நாம் தேடும் விளைவுகள் பல நடுத்தரத்துக்கும் கீழே. ஆட்கள் கிடைக்காவிட்டால் குழுவுக்குள்ளான வடிவமைப்புக்கு மாறுங்கள், அளவீட்டைக் கூர்மையாக்குங்கள். 20 பேரை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம்.

படி 9: அறநெறி

1963-ல் ஸ்டான்லி மில்கிராம் வெளியிட்ட கீழ்ப்படிதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர், இன்னொருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக் கடைசிப் பொத்தான் வரை போனார்கள். அதிர்ச்சி போலி, ஆனால் அவர்கள் பட்ட வேதனை போலி இல்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள். அதன் பின் எழுந்த விவாதங்கள் இந்தத் துறையின் விதிகளை மாற்றின.

ஆட்களைத் தேடும் முன்பே அறநெறிக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள். விவரம் சொல்லிச் சம்மதம் பெறுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை வாயாலும் சொல்லுங்கள். கருதுகோளை மறைத்திருந்தால் முடிந்ததும் உட்கார்ந்து முழுவதையும் விளக்குங்கள். இதை ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவதோடு முடித்துவிடாதீர்கள். அவர்கள் தங்கள் நேரத்தையும் நம்பிக்கையையும் நமக்குக் கொடுத்தவர்கள்.

படி 10: முன்னோட்டம், பதிவு, பிறகு நடத்துதல்

ஐந்தாறு பேரை வைத்து முன்னோட்டம் பாருங்கள். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கினால் அது கூரை விளைவு, எல்லோரும் பூஜ்யம் என்றால் தரை விளைவு. இரண்டிலும் வேறுபாடு தெரிய இடமே இல்லை. அறிவுரை புரிகிறதா, நேரம் போதுமா என்பதும் இங்கேதான் தெரியும்.

அப்புறம், தரவைச் சேகரிக்கும் முன் உங்கள் கருதுகோள், ஆட்களின் எண்ணிக்கை, யாரை நீக்குவீர்கள், எந்தப் பகுப்பாய்வு செய்வீர்கள் என்பதையெல்லாம் தேதியிட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். காரணம் இருக்கிறது. 2011-ல் ஜோசப் சிம்மன்ஸும் அவருடன் இருவரும், பகுப்பாய்வில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நான்கு சிறு சுதந்திரங்களைச் சேர்த்தாலே, 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவுகள் 60 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். "கொஞ்சம் பேரைப் பார்ப்போம், முடிவு வராவிட்டால் இன்னும் சிலரைச் சேர்ப்போம்" என்பது அவற்றில் ஒன்று. நேர்மையான ஆய்வாளர்களே தம்மை அறியாமல் செய்தது இது. 2015-ல், வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்த பெரிய கூட்டு முயற்சியில், மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத விளைவு) காட்டியிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36 சதவீதம்தான் காட்டின.

படி 11: முடிவைப் படித்தல்

பி மதிப்பு 0.03 என்று வந்தால், "என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை" என்று பொருள் இல்லை. உண்மையில் வேறுபாடே இல்லாத நிலையில், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு 3 சதவீதம் என்றுதான் பொருள். விளைவின் அளவையும் நம்பக இடைவெளியையும் (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்பையும்) சேர்த்தே எழுதுங்கள். முக்கியத்துவம் வராவிட்டால் "விளைவு இல்லை" என்று எழுதாதீர்கள். ஆட்கள் போதாமலும் இருந்திருக்கலாம்.

கண்ட விளைவுக்கு உங்கள் சாரா மாறிதான் காரணம் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பது அக ஏற்புடைமை. அது வேறு மனிதர்களுக்கும் இடங்களுக்கும் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறைவது வழக்கம். இரண்டில் எதை முதலில் காப்பது என்றால் நான் அகத்தையே சொல்வேன். காரணமே உறுதிப்படாத ஒன்று எங்கெல்லாம் பொருந்தும் என்று கேட்பதில் பயன் இல்லை. ஆனாலும் உளவியலின் பெரும்பாலான தரவு மேற்கத்திய, படித்த, வசதியான சமூகங்களின் கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்தது என்று 2010-ல் ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் சுட்டிக்காட்டியதை மறக்கக் கூடாது.

பாலினம், வயது, விபத்தில் சிக்கியது போன்றவற்றைக் குலுக்கி ஒதுக்க முடியாது. அவற்றை ஒப்பிடும் ஆய்வு பரிசோதனை சாயல் ஆய்வு. பயனுள்ளதுதான், ஆனால் "காரணம்" என்ற சொல்லை அங்கே மிகக் கவனமாகப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, முறையை எழுதும்போது சிக்கனம் பார்க்காதீர்கள். பாட்டின் நீளம், ஒலியின் அளவு, இடைவேளையில் பங்கேற்பாளர் என்ன செய்தார் என எல்லாவற்றையும் எழுதி, கருவிகளையும் தரவையும் பிறர் எடுக்கும்படி வையுங்கள். முன்பு சொன்ன நீர்மூழ்குபவர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக இடம்பெற்ற அந்த ஆய்வைத் திரும்பச் செய்து 2021-ல் வெளியிட்டபோது, பழைய விளைவு கிடைக்கவில்லை. காடனும் பேட்லியும் தாங்கள் செய்ததை விவரமாக எழுதிவைத்திருந்ததால்தான், 46 ஆண்டுகள் கழித்தும் ஒருவரால் அதே சோதனையோடு திரும்ப நீருக்குள் இறங்க முடிந்தது.